பீடத்தில் வைத்த சாவி

ஞாயிறு, இரவு

இன்று சபையில் அறுப்பின் பண்டிகை. எல்லாரும் பூசணியும் வாழைத்தாரும் படைத்த பீடத்தில் நான் என் பைக் சாவியை வைத்தேன். ஒரு மாதம் மனதோடு போராடி எடுத்த முடிவு. மதியம் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டார்கள். பைக்கின் முறை வந்ததும் என் மனைவி ஸ்டெல்லா கை தூக்கினாள். சேலையூர் சபையே சிரித்தது.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "கர்த்தருக்குக் குடுத்ததைத் திருப்பி எடுக்கலாமா?"

"நீங்க குடுத்துட்டீங்க. நான் காசு போட்டு வாங்கியிருக்கேன். நாளைக்குப் பிள்ளைய ஸ்கூல்ல யாரு விடுறது?"

இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. அவள்மேல் அல்ல. அவள் கை தூக்கியபோது, அதற்கு மேல் யாரும் கேட்டுவிடக் கூடாது ஆண்டவரே என்று உருகி ஜெபித்தது நான்தான்.