அம்மா வெட்டிய லேபிள்கள்

மார்ச் 3

வானொலிப் பிரிவை மூடுகிறார்களாம். தயாரிப்பாளர் தேநீரை உறிஞ்சிக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார். இருபத்தொன்றாம் தேதி கேமரா தேர்வு. தேறினால் திரையில் மாலைச் செய்தி, தேறாவிட்டால் வீடு. மூன்று உடைகளில் வாசித்துக் காட்ட வேண்டும்: சேலை, வெள்ளைச் சட்டைக்கு மேல் கோட், உடம்போடு ஒட்டுகிற ஒரு கவுன்.

இத்தனை வருஷமாக நான் வெறும் குரல். எனக்கு ஓர் உடம்பு இருப்பதே நேயர்களுக்குத் தெரியாது. நானும் அதைப் பெரிதாக விளம்பரப்படுத்தியதில்லை.

கிளம்பும்போது, "அந்த மூச்சு விஷயத்தையும் கொஞ்சம் கவனிங்க" என்றார். நீளமான வாக்கியம் வந்தால் பாதியிலேயே எனக்கு மூச்சு முட்டும். படமெல்லாம் எடுத்துப் பார்த்த டாக்டர் நுரையீரலில் ஒரு குறையும் இல்லை என்றுவிட்டார். பிறகு ஏன்? தெரியவில்லை.

மார்ச் 5

மூன்றையும் போட்டுப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளை பிரா பளிச்சென்று தெரிகிறது. கவுனில் முதுகு மூன்று பாகமாகப் பிரிகிறது, ஜட்டியின் ஓரம் கோடு கிழித்த மாதிரி நிற்கிறது. சேலையில் ரவிக்கைக்கும் பாவாடைக்கும் நடுவில் ஒரு மடிப்பு, அக்குள் பக்கம் ஒரு பிதுக்கம். எதைப் போட்டாலும் உள்ளே இருப்பது வெளியே வந்து வணக்கம் சொல்கிறது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "உடம்பை இளைக்கணும், வேற என்ன?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 6

கண்ணாடி மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டேன்.

மார்ச் 8

வானிலை வாசிக்கிற பெண்ணை நாங்கள் 'மழை' என்றுதான் கூப்பிடுவோம். அவள் மழை வரும் என்றால் தைரியமாகத் துணி காயப்போடலாம். என்னைவிடப் பருமன். ஆனால் எந்த உடை போட்டாலும் அவளுக்கென்றே தைத்தது போல இருக்கும். வெட்கத்தை விட்டு அவளிடம் கேட்டேன்.

"அக்கா, உங்க சைஸ் என்ன?"

"தெரியாது."

"முப்பத்தெட்டு வயசுல உங்க சைஸ் உங்களுக்குத் தெரியாதா?"

எப்படித் தெரியும்? என் உள்ளாடைகளை எல்லாம் அம்மாதான் வாங்குவாள், பதின்மூன்று வயதிலிருந்தே. துவைத்து, கழுத்தில் குத்தும் என்று லேபிளைக் கத்தரித்து, அலமாரியில் மடித்து வைத்துவிடுவாள். கல்யாணமாகி வேறு ஊரில் இருந்த மூன்று வருஷமும் பார்சல் வந்தது. திரும்பி வந்த பிறகு பார்சல் செலவுதான் மிச்சம். இதைச் சொன்னதும் மழை வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

நாளை உள்ளாடைக் கடைக்குக் கூட்டிப் போகிறாளாம்.

மார்ச் 9

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கடைப் பெண் மார்புக்குக் கீழே ஒரு முறை, மேலே ஒரு முறை நாடா வைத்தாள். நான் போட்டிருந்த பழையதைக் கழற்றி மேஜையில் வைத்து அதையும் அளந்தாள். திரும்ப அளந்தாள். "இது முப்பத்தெட்டு. உங்களுக்கு நாற்பத்து நாலு வேணும்" என்றாள்.

மூன்று சைஸ் சின்னது. இருக்கவே முடியாது என்றேன். அவள் நாற்பத்து நான்கைக் கையில் கொடுத்தாள்.

கொக்கியை மாட்டினேன். மூச்சு உள்ளே போனது. போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. விலா எலும்புகள் பக்கவாட்டில் விரிந்தன. அவை விரியும் என்பதே எனக்குத் தெரியாது! உள்ளாடை என்றால் அழுத்தும், புதுச் செருப்பு என்றால் கடிக்கும், உலகம் அப்படித்தான் என்று இருந்தேன். அந்தச் சின்ன அறையில், இடுப்புக்கு மேல் அது ஒன்றோடு நின்றுகொண்டு, நேற்றைய வெள்ளச் செய்தியின் முதல் வாக்கியத்தை வாசித்துப் பார்த்தேன். வழக்கமாக இரண்டு இடத்தில் நிறுத்துவேன். கடைசி வார்த்தை வரைக்கும் ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ, "ரேடியோ போட்டிருக்காங்களா?" என்றார்கள்.

முக்காலியில் உட்கார்ந்து அழுதேன். மழை வெளியிலிருந்து, "அக்கா, சேருதா? சேரலையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சேர்ந்துவிட்டது. அதுதான் பிரச்சினை.

மார்ச் 10

அம்மாவுக்கு வயதாகிவிட்டது, பழைய அளவிலேயே வாங்கிக்கொண்டிருந்திருப்பாள். தெரியாமல் நடந்திருக்கும். தெரியாமல்தானே?

மார்ச் 11

கேட்டேன்.

அம்மா காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். மறுப்பாள், சமாளிப்பாள் என்று நினைத்தேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"தெரிஞ்சுதான் வாங்கினேன். இறுக்கிப் போட்டா அடங்கும். இல்லாட்டி இன்னும் பெருத்திருப்பே."

ஐயோ. இருபத்தஞ்சு வருஷம்மா! டாக்டர் டாக்டரா அலைஞ்சேனே, பக்கத்துல தானே உக்காந்திருந்தே? எக்ஸ்ரே எடுன்னு நீயும் தானே சொன்னே? நான் ஒரு ஆள்னு நினைச்சியா, மெத்தை உறைன்னு நினைச்சியா? — இதையெல்லாம் அவளிடமே கத்தினேன். இங்கே எழுதும்போதும் கத்துகிறேன்.

"லேபிள்?"

"நம்பரைப் பார்த்தா நீ அழுவே. சின்னதுன்னு தெரிஞ்சா போட மாட்டே."

பிறகு அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள். ரவிக்கையைத் தோளிலிருந்து கொஞ்சம் விலக்கினாள். தோள்பட்டையில் ஒரு பள்ளம். என் சுண்டுவிரல் படுக்கிற ஆழம். அதன் நடுவில் பட்டை புதைந்து கிடந்தது, சுற்றிலும் தோல் கருத்துப்போய்.

"எனக்கு மட்டும் என்ன, பெரிசாவா வாங்கிக்கிட்டேன்? உங்க அத்தைங்க என்னைப் பார்த்து சிரிச்ச மாதிரி உன்னைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கக் கூடாதுன்னு..."

முடிக்கவில்லை. வெண்டைக்காயை எடுத்துக்கொண்டாள். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. போகவும் இல்லை. இரண்டு பேருக்குமாகப் பெருகிவிட்டது போல.

மார்ச் 14

அம்மா பேசுவதில்லை. நானும்தான்.

தையல்காரம்மாவிடம் போனேன். பழைய ரவிக்கை ஒன்றிலும் கொக்கி எட்டவில்லை. "அமுங்கிக் கிடந்ததுக்கு அளவெடுத்துத் தைச்சிருக்கேன். இப்ப எல்லாம் இருக்க வேண்டிய இடத்துல இருக்கு. புதுசாத்தான் வெட்டணும்" என்றாள். கழுத்து அகலமாக வேண்டுமென்றால் பட்டை எங்கே வரும் என்று பார்க்க, உள்ளே போடுவதைப் போட்டுக்கொண்டே அளவு கொடுக்கச் சொன்னாள்.

மார்ச் 15

மழை வந்து, என் காசில் வாங்கியதையெல்லாம் என் கட்டில் முழுக்கக் கடை பரப்பினாள். வெள்ளைச் சட்டைக்கு வெள்ளை கூடாதாம், என் தோலின் நிறத்தில்தான் போட வேண்டுமாம். போட்டேன், காணாமல் போய்விட்டது! இவ்வளவுதானா? சேலைக்கு, இடுப்பில் நாடா கட்டாமல் கணுக்கால்வரை வழுவழுவென்று இறங்குகிற பாவாடை. நாடா இல்லை, மடிப்பும் இல்லை.

கவுனில்தான் தகராறு. வயிற்றிலிருந்து தொடைவரை இறுக்குகிற ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "தயாரிப்பாளர் ஒல்லியாத்தான் கேட்பார், அக்கா." இரண்டு பேருமாக மல்லுக்கட்டி ஏற்றினோம். கண்ணாடியில் வயிறே இல்லை. வெள்ளச் செய்தியை எடுத்தேன். நான்காவது வார்த்தையில் மூச்சு நின்றது.

அம்மா என் அலமாரியில் வைத்ததை, இப்போது நானே விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

கழற்றிப் போட்டேன். அழுத்தாத, ஓரத் தையல் இல்லாத, விலாவுக்குக் கீழ்வரை வருகிற ஜட்டியே போதும் என்றேன். "கோடு தெரியாது. ஆனா வயிறு தெரியும், அக்கா" என்றாள் மழை.

தெரியட்டும். வயிறு இருக்கிறது, தெரிகிறது.

மார்ச் 18

என் புதுசுகள் கொடியில் காய்கின்றன. அம்மாதான் துவைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் படாமல், ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டு. ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் பேச்சு: "தலகாணி உறை மாதிரில்ல இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு வரவில்லை.

மார்ச் 21

சேலை, சரி. சட்டை, சரி. கவுனில் தயாரிப்பாளரின் கண் நேராக வயிற்றுக்குப் போவதைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து, எதிரே பார்த்து வாசிக்கிற திரையில் ஏழு வரிக்கு ஒரே வாக்கியம் ஏறி வந்தது. நான் நிறுத்தவே இல்லை.

கேமராக்காரர் மட்டும், "ஐயையோ, ஒரே மூச்சா!" என்றார்.

மார்ச் 27

மாலைச் செய்தி எனக்கு! தயாரிப்பாளர், "மூச்சுக்கு என்ன பண்ணீங்க, யோகாவா?" என்றார்.

"சைஸ் மாத்தினேன் சார்."

புரிந்ததோ என்னவோ, தலையை ஆட்டினார்.

வீட்டில் சொன்னேன். அம்மா, "அந்த ஒட்டுற கவுன்லயுமா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 4

இன்று செருப்பு வாங்கப் போகலாம் என்று கூப்பிட்டது அம்மாதான். செருப்புக் கடை வந்தது. நிற்கவில்லை. இரண்டு கடை தள்ளி, மழை என்னைக் கூட்டிப்போன கடையின் வாசலில்தான் நின்றாள்.

நாடாவோடு கடைப் பெண்ணும் அம்மாவும் திரைக்குப் பின்னால் போனார்கள். நான் வெளியே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். கொக்கி மாட்டுகிற சத்தம். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"அம்மா? சேருதா?"

ஒரு நீளமான மூச்சு மட்டும் கேட்டது. எழுபது வயதில் ஒருத்தி முதல் முறையாக விடுகிற மூச்சு.

"லேபிள் குத்துமாம்மா? வெட்டித் தரட்டுமா?" என்று கடைப் பெண் கேட்டாள்.

"வேண்டாம். இருக்கட்டும்" என்றாள் அம்மா.