உன் ஆய்வகத்தில் வளரும் ரத்தம்

பெனிட்டாவுக்கு,

நேற்று பனியன் கம்பெனியில் நான் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் போன் செய்தாய். "எம்மா, ராபினோட ரத்தப் புற்றுச் செல்லு வளர்றது நின்னு போச்சும்மா!" என்று கத்தினாய். சிரிப்பு வேறு. உன் தம்பி போய் ஒரு கிறிஸ்துமஸ்கூட வரவில்லை.

பிறகு விளக்கினாய். "செல்லோட மேல்சவ்வுல கொழுப்பு இருக்கும்மா. அத ஒரு நொதி மாத்துது. மாறின கொழுப்புதான் செல்ல 'வளரு, வளரு'ன்னு ஏவுது. அந்த நொதியத் தடுத்துட்டோம்."

"அப்பவே தடுத்திருக்கலாம்லா?" என்று கேட்டேன்.

"இது கண்ணாடித் தட்டுலதாம்மா. மருந்தா வர வருஷக்கணக்காகும்."

போனை வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவன் ரத்தத்தை ஆராய்ச்சிக்குக் கேட்டபோது கையெழுத்துப் போட்டவள் நான்தான். அதை நீ வளர்ப்பாய் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? கடைசியில் அவனுக்கு ஒரு வாய் கஞ்சி இறங்கவில்லை. அவனைத் தின்றவற்றுக்கு நீ சத்து நீர் ஊற்றுகிறாய். உடம்புச் சூட்டில் வைத்துக் காக்கிறாய்.

நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து சூப்பர்வைசர், "ஏனுங்க அக்கா, ஒடம்பு முடியலீங்களா?" என்று கேட்டார். எம்பிள்ளையைக் கொன்னத எம்மகளே வளக்கா என்று அவரிடம் சொல்ல முடியுமா?

எல்லாவற்றையும் குப்பையில் கொட்டு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. கொட்டிவிட்டால் அவனைத் தின்றது எது என்று யாருக்குத் தெரியும்? இன்னொருத்தி பிள்ளைக்கும் அதே வரும்.

கொட்டாதே. ஆனால் வளர்வது நின்றது என்று என்னிடம் இனிமேல் சொல்லாதே. நின்றால் எனக்குப் போதாது. எதைக் கொடுத்தால் அடியோடு சாகும் என்று பார். ஒன்றைக்கூட விட்டுவைக்காதே.

உன் அம்மா