சேவல் மேல் போட்ட பழி

என் உயிருக்கு உயிரான மாப்பிள்ளை செங்கோடனுக்கு,

பதினாறு வருசம் கழித்து எழுதுகிறேன். எழுத்தில் கோபம் தெரிந்தால் அது உன்மேல் இல்லை, என்மேல்தான்.

உன் மகள் சரசுவுக்கு வருகிற புதன்கிழமை கல்யாணம். நேற்று உன் பெண்டாட்டி பாவாயி வெற்றிலை பாக்கோடு வந்தாள். "எனக்குக் கூடப் பொறந்தவன்னு யாருமில்லீங்கண்ணா. தாய்மாமன் எடத்துல நீங்கதானுங்க நின்னு அவ நெத்தியில பட்டங் கட்டோணும்" என்றாள். சரி என்று சொல்லித் தொலைத்தேன். அதிலிருந்து சோறு இறங்கவில்லை.

அந்தத் திட்டு நினைவிருக்கிறதா? காவிரி நடுவே, நான்கு பக்கமும் தண்ணீர், உள்ளே தென்னையும் மணலும். வெற்றிலைக் கொடிக்காலில் குனிந்து குனிந்து இடுப்பொடிந்த நீ, நான், கந்தப்பன் மூன்று பேரும் மூன்று நாள் யார் மூஞ்சியிலும் முழிக்காமல் கிடப்போம் என்று போனோம். "மூணாம் நாள் பொழுது சாயத்தான் வரோணும். கூப்புட்டாலும் வந்துறாதீங்க" என்று பரிசல்காரரிடம் சொன்னவனே நீதான். இளநீர், கெண்டை மீன் வறுவல், உன் டிரான்சிஸ்டரில் பாட்டு. இரண்டு நாள் ராஜாக்களாய்க் கிடந்தோம்.

அப்படியே கிடந்திருக்கலாம். ஆனால் நம் ஊர்க்காரன் சொர்க்கத்துக்குப் போனாலும் கக்கத்தில் சேவலோடுதான் போவான். நீயும் கொண்டு வந்திருந்தாய், நானும் கொண்டு வந்திருந்தேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் கத்தி கட்டாமல் விளையாட்டுக்கு விட்டோம். உன் சேவல் என் சேவலின் ஒரு கண்ணைக் கொத்திப் பிடுங்கியது. "இன்னைக்கு இதுதான் கொழம்பு, மச்சான்" என்று சிரித்தாய்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. ஓங்கி அறைந்தேன். நீ திருப்பி அடித்ததில் எனக்கு ஒரு பல் ஆடியது. விலக்க வந்த கந்தப்பனைத் தூக்கி மணலில் எறிந்தேன். ரத்தம் வழிந்த சேவலை எடுத்து அதன் காலில் கத்தியைக் கட்டினேன். சேவலைத் தரையில் விடும்வரை கத்தியின் உறையைக் கழற்றக் கூடாது, கத்திக் காலைப் பிடித்த பிடியை விடக் கூடாது. கத்தி கட்டுகிறவன் முதலில் படிக்கும் பாடம் அதுதான். நான் உறையைக் கழற்றிவிட்டேன்.

"வேண்டாம் மச்சான், வெளையாட வந்த எடத்துல கத்தி எதுக்கு?" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தாய். சேவலை வாங்கத்தான் வந்தாய். பிடி நழுவவில்லை, செங்கோடா. விட்டேன். உன்னைக் கொஞ்சம் கீறட்டும் என்று வேண்டுமென்றேதான் விட்டேன்.

சேவல் உதைத்தது ஒரே உதை. உன் தொடையில் கத்தி முழுசாய் இறங்கியது. மூன்று வேட்டியைக் கிழித்துக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை. அக்கரையில் பரிசல்காரர் தெரிந்தார். தொண்டை கிழியக் கத்தினோம். அவர் சிரித்தபடி கையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். நீ சொன்ன சொல்லை அந்த மனுசன் தட்டவில்லை.

கந்தப்பன் நீந்திப் போய் அவரைக் கூட்டி வருவதற்குள் நீ போய்விட்டாய். என் மடியில் கிடந்து கடைசியாய்ச் சொன்னாய்: "பாவாயிகிட்ட, கை நழுவிருச்சுன்னு சொல்லீரு." தெரிந்து சொன்னாயா, தெரியாமல் சொன்னாயா? பதினாறு வருசமாய் இந்தக் கேள்விதான் என்னை அறுக்கிறது.

நீ சொன்னபடியே சொன்னேன். போதாததற்கு, உன் பிணத்துக்கு முன்னால் அந்தச் சேவலின் கழுத்தைத் திருகி எறிந்தேன். என் பாசத்தைப் பார்த்து ஊரே அழுதது. கண் போன வாயில்லா ஜீவன், வலியில் உதைத்தது. அது செய்த குற்றம் என்ன?

ஊரறியச் சொன்ன பொய்யை ஊரறியத்தான் திருப்பி எடுக்க வேண்டும். அதனால்தான் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். அதற்கு முன்னால், நாளை விடிந்ததும் பாவாயியிடம் என் வாயாலேயே சொல்வேன். சரசுவும் கூட இருந்து கேட்க வேண்டும். செருப்பால் அடித்தால் வாங்கிக்கொள்வேன். அரிவாளை எடுத்தாலும் நகர மாட்டேன். எல்லாம் தெரிந்த பிறகும் அந்தப் பிள்ளை நெற்றியைக் காட்டினால் பட்டம் கட்டுவேன். தெரியாத பிள்ளைக்கு இந்தக் கையால் கட்ட மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

இந்த ஒரு ராத்திரிக்காவது பாவாயிக்கு அண்ணனாகவும் உனக்கு மச்சானாகவும் இருக்கிற,
ராமசாமி