ஒன்றும் செய்யாத நிலம்

மார்ச் 4
கழிமுகத்தை ஒட்டிய உப்புச் சதுப்பு மாமாவுடையது. அதை வாங்கிக் காப்பாற்ற எங்கள் அறக்கட்டளைக்கு ஆசை. அவருக்கு உறவுக்காரி என்று என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள்.
"வாங்கி என்ன பண்ணுவீங்க?"
"ஒண்ணும் பண்ண மாட்டோம் மாமா. கடல் தண்ணி ஏறும், இறங்கும். பறவை வரும், போகும்."
"ஒண்ணும் பண்ணாம இருக்கவா இவ்வளவு பணம்? யார் காதுல பூ சுத்துற?"
பொய் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்.

மார்ச் 7
மாமா சதுப்பில் கடப்பாரையோடு. அடியில் எண்ணெயாவது புதையலாவது இருந்தே தீருமாம். கிடைத்தது சேறு. போனது ஒரு செருப்பு.

மார்ச் 11
விடுதி கட்டுகிறவர் ஒருவர் வந்திருக்கிறார். மண் கொட்டி மேடாக்கி, நூறு அறை. மாமாவுக்கு அவரைப் புரிகிறது. கட்டுகிறவன் யோக்கியன், சும்மா இருக்கிறவன் திருடன். நானும்தான் — ஒரு ஞாயிறு சும்மா இருந்தால் குற்றவாளிபோல் நெளிகிறேனே?
வெள்ளிக்கிழமை அவரிடம் மாமா முன்பணம் வாங்கப் போகிறாராம்.

மார்ச் 12
"எங்களை நம்பாதீங்க மாமா. பத்திரத்துலயே எழுதிக்கோங்க. நாங்க ஒரு ஆணி அடிச்சாலும் நிலம் உங்களுக்கே திரும்பிடும். பணமும் உங்களுக்கே."
கண் மின்னியது. "எப்படியும் ஏதாவது பண்ணுவீங்க."
"எனக்கும் அந்தச் சந்தேகம்தான்."

மார்ச் 27
கையெழுத்து ஆனது. எங்கள் தலைவர் சிரித்தார்: "ஒண்ணும் பண்ணாம இருக்கறது என்ன பெரிய கஷ்டம்?"

ஏப்ரல் 2
கரையில் மடக்கு நாற்காலி, தொலைநோக்கி, மாமா. எங்களைக் கையும் களவுமாகப் பிடிக்க.

ஏப்ரல் 16
"மருமகளே, அந்த நெட்டைக்கால் பறவை ஜோடியை நீங்கதானே கொண்டுவந்து விட்டீங்க?"
"தானா வந்துச்சு மாமா."
"முட்டை போட்டிருக்கு. அதுவும் தானாவா?"
நாய் ஒன்று பக்கத்தில் போனதாம். குடையோடு துரத்தியிருக்கிறார். சாட்சியைப் பாதுகாக்கிறாராம்.

ஏப்ரல் 21
தலைவரால் சும்மா இருக்க முடியவில்லை. தன் பெயர் பொறித்த சின்னக் கல் ஒன்றை, முட்டைகளுக்குப் பக்கத்திலேயே நட்டுவிட்டு வந்திருக்கிறார். "அழகா இருக்கும்மா."
ஐயோ. மாமா பார்த்தால் தீர்ந்தது. மறுநாளே விடுதிக்காரர், லாரி லாரியாக மண். என் புத்திசாலித்தனம், என் தலையில். விடிந்ததும் நானே போய்ப் பிடுங்க வேண்டும்.

ஏப்ரல் 22
கல் இல்லை. ஒரு குழி மட்டும்.
மாமா நாற்காலியில். கை முழுக்கச் சேறு, ஒரு காலில்தான் செருப்பு.
"மாமா... நாங்க ஏதாவது பண்ணினோமா?"
"நீங்களா? ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டிருப்பீங்களா, சோம்பேறிங்க! மெதுவாப் பேசு. அது அடை காக்குது."
கால் நீட்டிக்கொள்ள வசதியாக, நாற்காலிக்கு முன்னால் ஒரு தட்டைக் கல். எழுத்துப் பக்கம் தரையைப் பார்த்தபடி.