கயிறு யார் கையில், நைனா?

என் நைனாவுக்கு, உன் மூத்தவள் ஆம்பூரிலிருந்து அன்போடு எழுதுவது.

நம் கார்த்தி கப்பலுக்குப் போனது உனக்குத் தெரியாது. நீ போன பிறகுதான் போனான். சரக்குக் கப்பலில் டெக் வேலை. "தோல் கம்பெனி பக்கம் மட்டும் நான் போவ மாட்டேன்" என்றான். அம்மா தடுக்கவில்லை. கழிவுத் தொட்டியிலிருந்து உன்னைத் தூக்கி வந்த நாளுக்குப் பிறகு, அவளுக்கு வேறு எந்த வேலையும் நல்ல வேலைதான்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். கப்பல் ஓமன் கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றிருந்தது. அடுத்தது செங்கடல். போகிற வருகிற கப்பல்கள் மேல் ஏவுகணை விழுகிற கடல்.

"அக்கா, கேப்டன் எல்லாரையும் கூப்ட்டு வச்சுக் கேட்டாரு. வர்றீங்களா, இங்கியே இறங்கிக்கிறீங்களான்னு. நாளைக்குச் சொல்லணும். நீ டிகிரி படிச்சவ, இன்னா பண்ணட்டும் சொல்லு."

நான் படித்தது பி.காம். அதில் கடல் வரவில்லை, நைனா.

அவனை வேலைக்கு அனுப்பிய சென்னை ஏஜென்டுக்கு போன் போட்டேன். முன்பின் தெரியாதவர்களிடம் பேச எனக்குக் கூச்சம், உனக்குத் தெரியுமே. அதனால் ஸ்பீக்கரில் போட்டு அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். உன்னோடு வேலை பார்த்த ரஹீம் மாமாவும் வந்திருந்தார்.

"இன்னாமா பயம்? எத்தன நாட்டு நேவி அங்க நிக்குது தெரியுமா? எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே தலைமையகம். நம்ம கப்பல் எங்க போவுது, எப்ப போவுது, எல்லாம் அவங்களுக்குச் சொல்லியாச்சு. பேஜார் ஆவாத."

"சார், ஏதாவது ஆச்சுன்னா யார் வருவாங்க?"

"கிட்ட எது இருக்கோ அது வரும்."

"கிட்ட எதுவும் இல்லன்னா?"

"இன்னாமா நீ, ஷேர் ஆட்டோவா அது, கை காட்டினதும் நிக்கறதுக்கு?"

அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். விடாதே என்று அர்த்தம்.

"தம்பி கப்பல் கூடவே ஒரு போர்க்கப்பல் வருமா சார்? அது பேர் இன்னா?"

"கேட்டு வச்சிருக்கோம்."

"வரேன்னு சொல்லிட்டாங்களா?"

"அதான் எல்லாரும் இருக்காங்கன்னு சொல்றேன்ல!"

ரஹீம் மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

ஏன் போனார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொட்டிக்குள் காலை வைக்கும் முன் "மேல யாரு?" என்று நீ கத்துவாய். பெயர் காதில் விழாமல் இறங்க மாட்டாய். "நான்தான்டா தோஸ்த், எறங்கு" என்று கயிற்றைப் பிடித்தபடி குரல் கொடுப்பவர் மாமா. நீ கடைசியாக இறங்கிய அந்த பக்ரீத் அன்று அவர் லீவு. அன்றும் நீ கேட்டாயாம். "எல்லாரும் இருக்கோம், எறங்குபா" என்றாராம் சூப்பர்வைசர். மேலே அத்தனை பேர் நின்றார்கள். கயிறு குழாய் மேல் சுருட்டியபடியே கிடந்தது. ஒவ்வொருவரும் அடுத்தவர் பிடித்திருப்பதாக நினைத்தார்கள்.

ஏஜென்ட் சொன்ன அந்தக் கடற்படைத் தலைமையகத்தைப் பற்றி எனக்குக் கிடைத்ததையெல்லாம் போனில் படித்தேன். வெறும் பேச்சு என்று சொல்ல மாட்டேன். கொள்ளைக்காரர்களைத் துரத்தியிருக்கிறார்கள், மூழ்கும் கப்பலிலிருந்து ஆட்களைத் தூக்கியிருக்கிறார்கள், முன்கூட்டி எச்சரிக்கை அனுப்புகிறார்கள். ஆனால் ஒவ்வொரு போர்க்கப்பலும் கடைசியில் தன் தன் நாட்டு உத்தரவைத்தான் கேட்குமாம். நம் பையனின் கப்பலுக்குக் கொடி ஒரு நாட்டுடையது, முதலாளி வேறு நாடு, உள்ளே வேலை செய்பவர்கள் நம் பிள்ளைகள். ஒரே நேரத்தில் இரண்டு கப்பல் கூப்பிட்டால் யாரிடம் முதலில் போவார்கள்? கார்த்தியைத் தன் ஆள் என்று எந்த நாடு நினைக்கும்? இதற்கு மட்டும் எங்கேயும் பதில் இல்லை.

கார்த்தியிடம் நான் போகாதே என்று சொல்லவில்லை. "கூட எந்தக் கப்பல் வருதுன்னு கேப்டன்கிட்ட பேர் கேளுடா" என்றேன். "கேக்கறேன்கா" என்றான். அவனும் உன் மகன்தானே.

மறுநாள் கூப்பிட்டான். கேப்டன் நேர்மையான மனிதர். பாதி வழிக்கு ஒரு போர்க்கப்பல் வருகிறது என்று அதன் பெயரைச் சொன்னாராம். மீதிப் பாதிக்கு? "யாராவது இருப்பாங்க" என்றாராம்.

"நான் இறங்கிட்டேன்கா."

இப்போது வீட்டில் இருக்கிறான். ஏஜென்ட் அவன் போனை எடுப்பதில்லை. அடுத்த கப்பல் கிடைக்குமா, தெரியாது. பாலத்தடியில் டீ குடிக்கப் போனால் அவன் சிநேகிதர்கள், "இன்னாடா, தண்ணியப் பாத்து பயந்துட்டியா?" என்று கலாய்க்கிறார்கள். சிரித்துக்கொண்டே வருகிறான், சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறான்.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். அந்தக் கப்பல் பத்திரமாகக் கடந்துபோய்விட்டது. ஒரு கீறலும் இல்லை. அன்றிலிருந்து ஏஜென்ட் சொன்னதுதான் சரியோ என்று மனம் குத்துகிறது. ஆனால் நைனா, நீயும் கயிறில்லாமல் இறங்கி ஒன்றும் ஆகாமல் ஏறிவந்த நாட்கள் இருந்திருக்கும்தானே? ஒன்றும் ஆகவில்லை என்பதால் அன்றைக்கு யாரோ பிடித்திருந்தார்கள் என்று ஆகிவிடுமா?

கார்த்தி மறுபடி கடலுக்குப் போவான். போகட்டும். அன்றைக்கும் நான் போன் போட்டுக் கேட்பேன், கூச்சமாக இருந்தாலும் கேட்பேன். "எல்லாரும் இருக்காங்க" என்று யார் சொன்னாலும், ஒரு பெயர் சொல்லும்வரை இந்த வீட்டிலிருந்து யாரையும் இறங்க விடமாட்டேன்.

மேலே நிற்கிறேன், நைனா. கயிறு என் கையில்.
உன் மூத்த மகள்