நெல்லுக்கு மட்டும்

1967 பெப்ரவரி 11

இன்றும் இடுப்பளவு தண்ணீர். லோஞ்சுப் படகு வழக்கம்போல ஆழத்திலேயே நின்றுவிட்டது. ஆண்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்துவிடுகிறார்கள். பெண்கள் நாங்கள் ஒன்றில் சீலையோடு இறங்க வேண்டும், அல்லது இரண்டு பேர் தூக்கும் கதிரையில் ஏறவேண்டும். நான் இறங்கினேன், மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு. பிள்ளைப்பேறு பார்க்கிற அரசாங்க மருத்துவமாது! பாலைக்குடாவுக்கு மாற்றம் தந்தவர்கள் நீச்சல் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கதிரை என்றால் எனக்கு றுக்கியாதான் நினைவு. போன மார்கழியில் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்காக, நிறைமாதக்காரியை அந்தக் கதிரையில் வைத்துத் தூக்கினார்கள். முன்னால் பிடித்த முனாபின் கால் சேற்றில் வழுக்கியது. கதிரை சரிந்தது. அலைக்குள் விழுந்தவளை வாரி எடுத்து லோஞ்சில் ஏற்றினோம். அங்கே போய்ப் பிள்ளை பிறந்தது. அழவில்லை.

ஊரில் கேட்டால், கடல் அப்படித்தான் என்கிறார்கள். கடல் என்ன செய்தது? படகு கட்ட ஒரு ஜெட்டி இல்லாதது கடலின் குற்றமா?

1967 மார்ச் 5

கிராமச் சபைத் தலைவர் ஆதம்பாவா பள்ளிக்கூட விறாந்தையில் கூட்டம் வைத்தார். ஜெட்டி வருகிறது! பாதி அரசாங்கத்தின் நன்கொடை, பாதி கடன். கடனைச் சபை கட்டவேண்டும். அதற்காக லோஞ்சு டிக்கெட்டில் தலைக்கு ஐந்து சதக் காசு கூடும். சம்மதமானவர்கள் கையை உயர்த்தச் சொன்னார். தட்டிக்குப் பின்னாலிருந்த பெண்கள் பக்கமும் வளையல் சத்தம் கேட்டது. தலைவர் அதையும் சேர்த்து எண்ணச் சொன்னார். மனுசன் நல்லவர்தான்.

1967 மே 20

ஐந்து சதம் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். ஜெட்டி இன்னும் வெறும் தூண்கள்தான். சந்தோஷமாகவே கொடுத்தேன்.

1967 ஜூலை 19

றுக்கியா மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் டொக்டரிடம் காட்டினேன். கடல் வற்றிக் கிடந்ததால் கையைப் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டு போக முடிந்தது. இடுப்பெலும்பு ஒடுக்கம், ஒபரேஷன் செய்துதான் எடுக்கவேண்டும், வீட்டில் வைத்துப் பார்த்தால் தாயும் மிஞ்சாது என்றார் டொக்டர். தைமாதத் தொடக்கத்தில் பிள்ளை. இரண்டு கிழமை முந்தியே வந்து படுக்கட்டும் என்றார்.

இரண்டு கிழமை முந்தி என்றால் மார்கழி. கடல் மலைபோல எழும்பி நிற்கும். தரையால் போகிற சுற்றுப்பாதையும் அப்போது வெள்ளத்துக்குள் கிடக்கும்.

திரும்பி வரும்போது றுக்கியா ஜெட்டித் தூண்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இது முடிஞ்சா நான் நடந்து போறன் மிஸி. கதிரைல மட்டும் இனி ஏறமாட்டன். மவுத்தானாலும் ஏறமாட்டன்."

சாவைப் பற்றி அப்படிக் கதைக்காதே என்று ஏசினேன். ஆனால் அவள் சும்மா சொல்லவில்லை.

1967 செப்டம்பர் 2

இதை எப்படியும் எழுதத்தான் வேண்டும்.

திறப்பு விழா. தோரணம், நாடா, கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரிய உத்தியோகத்தர், கைதட்டல். எல்லாம் முடிந்து பெரியவர்கள் ஜீப்பில் போனபின், பின்னேர லோஞ்சுக்காக நாங்கள் ஜெட்டியில் நடக்கப் போனோம். காவலாளி சங்கிலியை இழுத்துக் கட்டினார். காவலாளி வேறு யாருமில்லை, முனாப்தான். கதிரை தூக்குவதை விட்டவருக்குச் சபை கொடுத்த உத்தியோகம். பக்கத்தில் புதுப் பலகை: "உணவு உற்பத்தி நிதியில் கட்டப்பட்டது. நெல்லும் நெல்லுடன் வருவோரும் மட்டும்."

"இது என்ன முனாப்?"

"நெல் போற ஜெட்டி மிஸி. ஆக்களுக்கில்ல."

"அப்ப நாங்கள் குடுக்கிற அஞ்சு சதம்?"

"அது கடனுக்கு."

"எந்தக் கடனுக்கு?"

"இந்த ஜெட்டிக் கடனுக்குத்தான்."

சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

புதுத் தூண்களைப் பிடித்துப் பிடித்துத் தண்ணீருக்குள் நடந்தேன். மேலே நல்ல நிழல். அதற்காவது அரசாங்கத்துக்கு நன்றி சொல்லவேண்டும்.

1967 செப்டம்பர் 4

தலைவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். மனுசன் கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, பிறகு சொன்னார்:

"சனத்துக்கெண்டு மூணு தரம் கேட்டன் மிஸி. சனத்துக்குக் காசில்ல எண்டாங்க. நெல்லுக்கெண்டு கேட்டன், ஒரே மாசத்துல தந்தாங்க. பயணிகள ஏத்தமாட்டம் எண்டு ஒப்பமும் வெச்சிக் குடுத்திட்டன்."

"ஏத்தினா என்ன செய்வினம்?"

"குடுத்த நன்கொடையையும் கடனா மாத்திருவாங்க. நம்மட சபைய வித்தாலும் கட்ட ஏலா."

சனத்துக்குக் காசில்லை, நெல்லுக்கு இருக்கிறது. அந்த நெல்லை விதைத்தது ஆர்? அதைத் தின்னப்போவது ஆர்? தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அது பிழைதான்.

1967 செப்டம்பர் 11

போயா லீவு. எங்கள் உப்புவெளி வீட்டில் இவருடன் சண்டை. இவர் பட்டணத்தில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கணக்குப் பகுதி. திணைக்களத்தார் செய்தது முழுக்கச் சரி என்கிறார்!

"இஞ்ச பாரும் பூரணி, ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு வோட்டு, தனித்தனி நிதி ஒதுக்கீடு. உணவு வோட்டில வந்த காசை ஆக்களுக்குச் செலவழிக்க ஏலாது. கணக்குப் பரிசோதிக்க வாற ஓடிற்றர் கேட்பான்."

"ஓடிற்றர் எப்பவாவது இடுப்பளவு தண்ணிக்க நிண்டவனோ?"

"அது வேற கதை."

வேறு கதையாம். எனக்கு இது ஒரே கதை. அவருக்கு இரவு பிட்டை அவித்து வைத்தேன், பக்கத்தில் இருந்து பரிமாறவில்லை.

1967 ஒக்டோபர் 14

ஜெட்டியால் ஆட்களையும் விடச் சொல்லித் திணைக்களத்துக்குப் பெட்டிசம் எழுதி அனுப்பினோம். பெண்கள் எல்லாரும் கைநாட்டோ கையெழுத்தோ வைத்தார்கள்.

1967 நவம்பர் 8

பதில் வந்தது. "தங்கள் கோரிக்கை இத்திணைக்களத்தின் விடயப்பரப்புக்குள் அடங்காது." இவ்வளவுதான். ஒரு வருத்தமோ மண்ணாங்கட்டியோ கிடையாது.

1967 நவம்பர் 23

மழை. கடல் கறுத்துவிட்டது. மாசி அறுவடை வரைக்கும் ஊரிலிருந்து போவதற்கு நெல் இல்லை. ஜெட்டி வெறுமையாகக் கிடக்கிறது. நாங்கள் அதன் பக்கத்தால் நெஞ்சளவு தண்ணீரில் போகிறோம். மேலே நீர்க்காகங்கள் வரிசையாகக் குந்திச் சிறகை உலர்த்துகின்றன. அவை எந்த வோட்டில் வருகின்றன என்று இவரைக் கேட்கவேண்டும்.

மருந்துப் பெட்டியைக் காட்டி இன்று முனாபிடம் கேட்டுப் பார்த்தேன். "இது சரக்கில்லையோ?"

"சரக்குத்தான் மிஸி. நெல்லில்லையே."

1967 டிசம்பர் 13

பெரியாஸ்பத்திரியில் கட்டில் கிடைத்துவிட்டது. 18ஆம் திகதி வரச் சொல்கிறார்கள். இதைச் சொல்ல ஓடினேன். றுக்கியா கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"ஜெட்டியால விடுவாங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். புருசன் ஸெய்னுதீன் கெஞ்சினான், பிறகு கத்தினான், பிறகு வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நிறைவயிற்றோடு அந்த அலைக்குள் நடத்திக்கொண்டு போகவும் முடியாது. "இங்கயே கிடக்கிறன் மிஸி. ஆண்டவன் விட்ட வழி," என்கிறாள். இது ஆண்டவன் விட்ட வழியா? திணைக்களம் மறித்த வழியல்லவா!

முனாபிடம் போனேன். நோன்பு காலம், உதடு காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு மூட்டை நெல் எண்டு எழுதிப்போட்டு அவளை விடுங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?"

"நோன்போட பொய் எழுதச் சொல்றீங்களா மிஸி? எழுதிப் போட்டு நான் என்ன மொகத்தோட நோன்பு திறக்கிற?" கடலைக் காட்டினார். "அண்டைக்கு வழுக்கினது என்ட கால்தான். எனக்கு மட்டும் ஆசையில்லையா?"

அவரைத் திட்ட வாய் வரவில்லை. வேறு ஆரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை. பதில் கடிதத்தில் கையெழுத்து விளங்காத ஒரு பெரியவரையா? வீட்டுக்கு வந்து சட்டி பானையோடு கோபித்துக்கொண்டேன்.

1967 டிசம்பர் 16

இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. சிரிப்போடு ஆத்திரமும்.

ஸெய்னுதீனின் தங்கச்சி பரீனா காலையில் என்னை இழுத்துக்கொண்டு சங்கிலியடிக்குப் போனாள். வீட்டு வாசலைத் தாண்டவே நாலுதரம் யோசிக்கிற பெண். முனாப் வாய் திறக்குமுன் முந்தானை முடிச்சை அவிழ்த்து நீட்டினாள். உள்ளே ஒரு பிடி விதைநெல்.

"இது நெல்லா இல்லையா காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

"நெல்லுதான்."

"எவ்வளவு கொண்டு வரணும் எண்டு பலகைல போட்டிருக்கா?"

முனாப் எழும்பிப் போய்ப் பலகையை வாசித்தார். மாதக்கணக்காக அதன் கீழேயே இருக்கிறவர், முதல் தரம் பார்ப்பதுபோல வாசித்தார்.

"இல்ல."

"அப்ப எழுதுங்க. நெல் ஒரு பொதி. கூட வாறது பரீனா."

அவர் ஒரு மணியை எடுத்து நகத்தால் உரித்துப் பார்த்தார். உள்ளே அரிசி இருந்தது. எழுதினார். சங்கிலியைக் கழற்றினார். பரீனா ஜெட்டியின் நுனிவரை போய், முக்காட்டைக் காற்றில் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு வந்தாள்.

படித்த நானும் பலகையை எத்தனை தரம் வாசித்தேன்! கோபம் கண்ணை மறைத்துவிட்டது போல.

1967 டிசம்பர் 18

போனாள். நடந்து போனாள்.

ஒவ்வொருவர் கையிலும் நெல் முடிச்சு. சரக்கு இருப்பதால் லோஞ்சு ஜெட்டியோரம் வந்து கட்டியது. மழையில் பலகைகள் வழுக்கிக்கொண்டிருந்தன. முனாப் கொட்டிலிலிருந்த வெறும் சாக்குகளை எல்லாம் அள்ளி வந்து, குனிந்து குனிந்து றுக்கியாவின் காலுக்கு முன்னால் விரித்துக்கொண்டே போனார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. லோஞ்சில் ஏறியபின் அவள்தான், "காக்கா, வாறன்," என்றாள்.

மனுசர் தலை நிமிரவே இல்லை.

1967 டிசம்பர் 30

பெண் பிள்ளை. வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். தாய்க்கும் சுகம்.

அழுதது. விறாந்தையில் நின்ற எனக்கும் ஸெய்னுதீனுக்கும் கேட்கும்படி அழுதது. எத்தனையோ பிள்ளைகளை இந்தக் கையால் எடுத்திருக்கிறேன். இன்று நானும் கூட நின்று அழுதேன். வெட்கமாயிருந்தது, இருந்தும் நிறுத்த முடியவில்லை.

1968 ஜனவரி 3

றுக்கியா வீட்டிலிருந்து பெருநாள் இனிப்பு, வட்டிலப்பம் வந்தது. பிள்ளையின் பெயர் லைலாவாம்.

1968 ஜனவரி 15

பொங்கலுக்கு எனக்கு லீவில்லை. இவர்தான் பாலைக்குடாவுக்கு வந்தார். லோஞ்சு ஜெட்டியில் கட்டியது. கூட்டிக்கொண்டு வரப் போனால், சங்கிலியடியில் நின்று சேர்ட் பொக்கற்றிலிருந்து நெல் எடுத்து முனாபுக்குக் காட்டுகிறார்!

"இது எந்த வோட்டு?" என்று கேட்டேன்.

"கெதியா நடவும், பசிக்குது," என்றார்.

1968 பெப்ரவரி 19

சங்கிலித் தூணில் இப்போது வரிசையாக ஆணிகள். அவற்றில் சின்னச் சின்னச் சீலைப் பைகள். போகிறவர் ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறார், வருகிறவர் கொண்டுவந்து மாட்டுகிறார். முனாப் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, நெல் ஒரு பொதி, நெல் ஒரு பொதி என்று எழுதுகிறார். அவர் பொய் எழுதவில்லை. ஒரே நெல் மாதக்கணக்காகக் குடாவைக் கடந்துகொண்டிருக்கிறது.

எல்லாரும் இதைப் பெரிய பகிடியாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். ஆனால் பையை எடுக்கிற ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. மனுசியாய் நடக்க எனக்கு ஒரு பிடி நெல் சிபாரிசு செய்யவேண்டும்! ஐந்து சதத்தை மட்டும் மனுசியிடமே வாங்குகிறார்கள். நெல்லிடம் கேட்பதில்லை.

1968 மார்ச் 24

பள்ளிக்கூட விறாந்தையில் கூட்டம். திணைக்களத்திலிருந்து தலைவருக்குக் கடிதம் வந்திருக்கிறது. நாங்கள் பயந்துகொண்டுதான் போனோம். பாராட்டுக் கடிதமாம்.

தலைவர் எழுந்து நின்று வாசித்தார். பாலைக்குடா ஜெட்டியால் அனுப்பப்பட்ட நெற்பொதிகளின் தொகை எதிர்பார்ப்பைப் பன்மடங்கு மிஞ்சிவிட்டதாம். அறுவடைக்கு முந்திய மாதங்களிலும் குறையவில்லையாம். மற்றச் சபைகளுக்கு இது முன்மாதிரியாம். அதனால் ஜெட்டித் தலைப்பில் கூரை போட்ட ஒரு நெல் மடுவம் கட்ட மேலும் நன்கொடை தருகிறார்களாம். மடுவத்துக்குள் மூட்டை அடுக்க நீளப் பலகை வாங்குகளும் கேட்டிருக்கிறேன் என்று தலைவர் சொல்லிவிட்டு என் பக்கம் பார்த்தார். ஆட்கள் குந்தி இருக்கிற உயரத்தில் கேட்டிருக்கிறாராம். ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு.

பிறகு கடைசி வரியை வாசித்தார். "இக்காலப்பகுதியில் பயணிகள் எவரும் மேற்படி ஜெட்டியைப் பயன்படுத்தவில்லை என்பதைத் திருப்தியுடன் குறித்துக்கொள்கிறோம்."

அந்த நேரம் பார்த்துத் தட்டிக்குப் பின்னால் றுக்கியாவின் மடியில் கிடந்த லைலா வீரிட்டு அழத் தொடங்கினாள். தலைவர் கடிதத்தை மடிக்காமல் காத்து நின்றார். வாசலில் நின்ற முனாப் தலையை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

றுக்கியா பிள்ளையை அமர்த்தவில்லை. பக்கத்திலிருந்த நாங்களும் அமர்த்தவில்லை.