ஈர விறகும் உன் மடக்குக் கத்தியும்

என் சரசுவுக்கு,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்த முறையும் சரியாக வருமா, தெரியவில்லை. போன மாதம் உன் தம்பி குமரேசனோடு கல்வராயன் மலைக்குப் போனேன். வேப்பூரில் பஸ் மாறும்போதே திரும்பிவிடலாமா என்றிருந்தது. வருடந்தோறும் நாம் போகிற மலை; நீ கண்மூடியபின் இதுதானே முதல் முறை? உன் மடக்குக் கத்தியை எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, பையின் அடியில் வைத்திருந்தேன்.

ஓடையைத் தாண்டிப் போனபின் மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வந்தால் ஓடையில் இடுப்பளவு வெள்ளம். ஒரு பாறைக்கடியில் ஒதுங்கினோம். குமரேசன் தொப்பலாக நனைந்திருந்தான். உதடு வெளுத்து, பல் தந்தியடித்தது. தண்ணீர் வடியும்வரை அவன் தாங்க வேண்டுமானால் தீ வேண்டும். கைக்கெட்டிய சுள்ளியெல்லாம் ஈரம்.

"கத்திய எடுங்க மாமா, நான் சீவுறேன்" என்றான்.

கைக்குக் கை கத்தி கொடுத்தால் சண்டை வரும் என்று நம் வீட்டில் கீழே வைத்துத்தானே எடுப்போம்? அந்தப் பழக்கத்தில் பாறைமேல் வைத்தேன். ஈரப் பாறை. கத்தி சறுக்கிப் போய் ஒரு பொந்துக்குள் விழுந்தது.

"சண்ட வந்தா வரட்டும்னு கையில குடுக்கக் கூடாதா மாமா? இத்தன வருசமா நாம சண்ட போடாமலா இருந்தோம்?" நடுக்கத்திலும் உன் தம்பிக்கு வாய் குறையவில்லை.

பொந்தில் எது சுருண்டு கிடக்குமோ! கண்ணை மூடிக்கொண்டு தோள்வரை கையை விட்டேன். கத்தி அகப்பட்டது. ஆனால் அதைப் பிடிக்க முடியாமல் குமரேசனின் விரல்கள் விறைத்துப் போயிருந்தன. கொஞ்ச நேரத்தில் பேச்சையும் நிறுத்திவிட்டான். அவன் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை, சரசு.

நானே உட்கார்ந்தேன். நீ செய்வதை எத்தனை வருடம் குடைபிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன்! மரத்திலேயே பட்டுப்போய் நிற்கும் கிளையை ஒடித்து, ஈரப் பட்டையைச் சீவித் தள்ளி, காய்ந்த உள்மரத்தை எடுப்பாய். அதன் நுனியைத் தரையில் ஊன்றி, கத்தியை உடம்பிலிருந்து விலக்கித் தள்ளி, அறுந்து விழாத சுருள்களாகச் சீவுவாய். நானும் அப்படியொரு கிளையை ஒடித்து வந்து சீவினேன்; என் சுருள்கள் அறுந்து விழுந்துகொண்டே இருந்தன. நாலாவது குச்சியில்தான் நின்றன. பிளாஸ்டிக் பையில் வைத்திருந்த தீப்பெட்டியில் ஐந்து குச்சிகள் வீண். ஆறாவதில் பற்றியது.

வெகுநேரம் கழித்து அவன் வாய் திறந்தான். "அந்தப் பக்கம் விசிறுங்க மாமா, பொக கண்ண கரிக்குது." எனக்கு அழுகை வந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் ஓடை வடிந்தது. தீயைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு இறங்கினோம்.

ஒரு முறை பற்றியதை நான் நம்புவேனா? பீங்கான் ஆலையில் காலமெல்லாம் களிமண்ணைச் சோதித்தவன் அல்லவா? நம் கொல்லையில் விறகை வாளியில் ஊறவைத்து மூன்று முறை செய்து பார்த்தேன். பக்கத்து வீட்டு மேரி எட்டிப் பார்த்து, "கேஸு தீந்துடுச்சா சார்? நாங்கள்லாம் காஞ்ச வெறகுதான் வெச்சி எரிப்போம்" என்று சிரித்தாள். இரண்டு முறை பற்றியது. அவ்வளவு கஷ்டமான வேலை இல்லை அது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாம் கடைசியாகச் சேர்ந்து மலைக்குப் போனபோது, சீவுகையில் உன் கை நடுங்கியது. நோய் அப்போதே வந்துவிட்டதா? நான் பார்த்தேன், சரசு. பார்த்துக்கொண்டு குடையோடு நின்றேன். "இப்படிக் கொடு, நான் செய்கிறேன்" என்று கேட்கவில்லை. கெடுத்துவிடுவேனோ என்று பயம். நீ ஏன் கேட்கவில்லை? எனக்குச் சங்கடமாக இருக்கும் என்றா?

தையில் குமரேசனும் நானும் மறுபடி போகிறோம். கத்தி என் சட்டைப்பையில் இருக்கும். இனி என் கண்ணெதிரே யார் கை நடுங்கினாலும், கேட்காமல் நிற்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்